ஹெபடைடிஸ் சி ஊருக்கு ஊர் வகை மாறுவது ஏன்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். ‘ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்’ என்று தாளில் பார்த்ததும் முகம் வாடிப்போகிறவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மட்டும் உங்கள் டாக்டரே முடிவு செய்யட்டும்.

“சின்னப் புள்ளையில மஞ்சக்காமாலை வந்து, கீழாநெல்லி குடிச்சுச் சரியாப் போச்சு. அதுதானே இது?”

அது வேறு, இது வேறு. காமாலை என்பது ஓர் அறிகுறி. அதற்குப் பல காரணங்கள் உண்டு. சின்ன வயதில் வருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும், சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் குடித்தது எதுவோ, பெயர் அதற்குப் போய்ச் சேரும். ஈரலைத் தாக்கும் சி வைரஸ் அப்படித் தானாகப் போய்விடும் என்று நம்பி உட்கார முடியாது. கீழாநெல்லி இந்த வைரஸை ஒழித்ததாக நிரூபணம் எதுவும் இல்லை.

இந்த வைரஸை 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை ‘ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை’ என்பதே இந்த நோய்க்குப் பெயர். கண்டுபிடிப்பில் பங்குள்ள ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்புக்குள் போனதும் பெரும்பாலானவர்களுக்குக் காமாலையே வராது. நூறு பேரில் ஏறக்குறைய முப்பது பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மற்றவர்களுக்கு ஈரலிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருஷத்துக்குள் ஈரல் சுருங்கிப் போகும். இத்தனையும் சத்தமில்லாமல் நடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

“பேரனைத் தூக்கிக் கொஞ்சலாமா? ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டிக்குமா?”

தூக்கலாம், கொஞ்சலாம், ஊட்டிவிடலாம். எச்சில், தும்மல், ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, கொசுக்கடி எதிலும் இது பரவாது. தாய்ப்பாலிலும் பரவாது, காம்பில் வெடிப்பு விழுந்து ரத்தம் கசிந்தால் மட்டும் அது ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். இது ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் வருவது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பரிசோதிக்காத ரத்தம், போதை ஊசியைப் பகிர்வது, டயாலிசிஸ் கருவியில் கவனக்குறைவு, பச்சை குத்தும் ஊசி, ஆளுக்கு ஆள் மாற்றாமல் போடும் சவரப் பிளேடு. தாயிடமிருந்து குழந்தைக்குப் பிரசவ நேரத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு வரலாம்.

ஒரு ஆச்சி தன் தட்டையும் டம்ளரையும் ஆறு மாதமாகப் பின்கட்டில் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் சொல்லவில்லை, அவராகவே. அன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள் ஆச்சி என்றேன். பிளேடு, நகவெட்டி, பல் தேய்க்கும் பிரஷ் மூன்றும் மட்டும் தனியாக இருந்தால் போதும்.

“ரிப்போர்ட்ல ‘ஜீனோடைப் 3’ன்னு போட்டிருக்கே, மூணாவது ஸ்டேஜா?”

இல்லவே இல்லை. அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்த எண் இதுதான். அது நோயின் கட்டம் கிடையாது, வைரஸின் மரபு வகை. இதுவரை எட்டு வகைகள் தெரியும். எட்டாவதை 2018-ல்தான் அறிவித்தார்கள், கனடாவில் சிகிச்சைக்கு வந்த, பஞ்சாபைப் பூர்வீகமாகக் கொண்ட சிலரின் ரத்தத்திலிருந்து. வகைக்குள் 1ஏ, 1பி, 3ஏ, 3பி என்று உட்பிரிவுகள் உண்டு. எல்லாம் சேர்த்தால் தொண்ணூறைத் தாண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், “அப்ப நம்ம கோயில், பிரிவு மாதிரி” என்றார். கணக்குக்கு அந்த ஒப்புமை சரியாகவே பொருந்துகிறது. நகரத்தார் குலம் கோயில் வாரியாகப் பிரிவது; மொத்தம் ஒன்பது கோயில், இளையாத்தங்குடிக் கோயிலுக்குள் மட்டும் ஏழு பிரிவு. இங்கே எட்டு வகை, ஒவ்வொன்றுக்குள்ளும் பிரிவுகள். ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் மரபெழுத்தில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும்; பிரிவுக்குப் பிரிவு பதினைந்து முதல் இருபத்தைந்து வரை. ஒரே கிருமி என்று சொல்கிறோமே தவிர, எட்டும் தூரத்துப் பங்காளிகள்.

“ஒரே கிருமி எதுக்கு இப்படிப் பிரிஞ்சுச்சு?”

ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்து மாறும். அதைப் பார்த்து எழுதியவர் அந்தப் பிழையோடு இன்னொன்றையும் சேர்ப்பார். ஊர் ஊராகப் போன சுவடிகளில் பாடம் வேறு வேறாக இருக்கும். இந்த வைரஸின் மரபுச்செய்தி ஏறத்தாழ 9,600 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வேலை தெரியாது. நோயாளி ஒருவரின் உடம்பில் தினமும் லட்சம் கோடி என்ற அளவில் புது வைரஸ்கள் உண்டாகின்றன. பிழைக்குப் பஞ்சமே இல்லை.

அதனால் ஒரே ஆளின் ரத்தத்தில்கூட எல்லா வைரஸும் அச்சாக ஒன்றாக இருக்காது, கொஞ்சம் கொஞ்சம் மாறிய கூட்டமாகவே இருக்கும். அந்தச் சின்ன மாற்றங்கள் பல நூறு வருஷம் தனித்தனி இடங்களில் சேர்ந்துகொண்டே போனதில்தான் இன்றைய வகைகள் வந்தன.

“அப்ப நாட்டுக்கு நாடு வேற வேற வகையா இருக்கும்?”

ஆமாம். உலகத்தில் அதிகம் காணப்படுவது 1, அடுத்தது 3. எகிப்தில் 4, தென்னாப்பிரிக்காவில் 5, வியட்நாம், தென் சீனா பக்கம் 6. ஏழாவது வகை காங்கோவிலிருந்து வந்தவர்களிடம் கண்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு வகை பலப்பல பிரிவுகளோடு கலந்து கிடந்தால், அது அங்கே நெடுங்காலமாக மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மேற்கு ஆப்பிரிக்காவில் 1-ம் 2-ம், மத்திய ஆப்பிரிக்காவில் 4, தென்கிழக்கு ஆசியாவில் 6, நம் தெற்காசியாவில் 3 அப்படித்தான் இருக்கின்றன. பழைய காடு மாதிரி, எல்லா மரமும் இருக்கும். ஒரே பிரிவு மட்டும் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், அது நாற்றங்கால். சமீபத்தில் ஒரே கை விதைத்தது.

எகிப்துதான் இதற்குப் பெரிய உதாரணம். நைல் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வரும் நத்தைப் புழு நோயை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள்வரை கிராமம் கிராமமாக ஊசி மருந்து போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சு, திரும்பத் திரும்ப அதே ஊசி, நடுவில் அரைகுறைக் கொதிநீர். நல்ல எண்ணத்தில் நடந்த வேலை அது. 4-ம் வகையின் ஒரே பிரிவு நாடு முழுவதும் பரவிவிட்டது. அதே நாடு பின்னாளில் ஆறு கோடிப் பேரைப் பரிசோதித்து, நாற்பது லட்சம் பேருக்கு மேல் சிகிச்சை கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அதைப் பாராட்டி அங்கீகாரம் வழங்கியது. இதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்லுவேன், நம்பிக்கை வருவதற்காக.

“இந்தியா பூரா ஒரே வகையா? நம்ம பக்கம் எது?”

நாட்டுக்குள்ளேயே மாறும். வடக்கிலும் மேற்கிலும் 3-ம் வகைதான் பெரும்பான்மை. தெற்கே வரவர 1-ம் வகையின் பங்கு கூடும். 4-ம் வகையும் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறது. வடகிழக்கில் 3-உடன் 6-ம் இருக்கிறது. அது மியான்மார் எல்லை தாண்டி வரும் போதை ஊசிப் பழக்கத்தோடு ஒட்டிய பாதை; மியான்மாரிலும் 3-ம் 6-ம்தான் அதிகம்.

ஏன் இப்படி என்றால், வைரஸ் தானாக ஊரைக் கடக்காது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். போன இடத்தில் அதை அடுத்தவருக்கு ஏற்றும் வழி ஒன்று இருக்க வேண்டும். வடகிழக்கில் அந்த வழி போதை ஊசி. பஞ்சாபில் அதோடு, எதற்கெடுத்தாலும் ஊசி போடும் பதிவில்லா வைத்தியமும் சேர்ந்தது. பஞ்சாப் அரசு 2016-லேயே தனி நிதி வைத்து இலவச சிகிச்சை தொடங்கியது இதனால்தான். மற்ற இடங்களில் ரத்தம் ஏற்றியதும் ஆபரேஷனும் டயாலிசிஸும். பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் பல ஊர்க்காரர்கள் ஒரே வார்டில் படுப்பதால், அங்கே வகைகளும் கலந்தே காணப்படும். சிவகங்கை மாவட்டத்துக்கென்று ஒரு வகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் பெரியப்பா கம்பவுண்டராக இருந்தார். மூடி போட்ட ஓர் அலுமினியப் பெட்டி, அதில் இரண்டு கண்ணாடி சிரிஞ்சு, நாலைந்து ஊசி, அடியில் ஸ்பிரிட் விளக்கு. கூட்டமில்லாத நாளில் இருபது நிமிஷம் கொதிக்க வைப்பார். சந்தை நாளில் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள், ஊசி சூடு ஆறுவதற்குள் அடுத்த கை நீளும். மழுங்கிய ஊசியைச் சின்னச் சாணைக்கல்லில் உரசுவார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காலத்தில் இந்த வைரஸ் இருப்பதே யாருக்கும் தெரியாது. மாத்திரை கொடுத்தால், “ஊசி போடாம அனுப்புறீகளே” என்று ஜனங்களே சண்டைக்கு வருவார்கள்.

“எங்க ஐயா காலத்துல பர்மா, மலேயான்னு போய் வந்தவுக. அங்கேருந்து வந்திருக்குமோ?”

ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன குடும்பங்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு, அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இது ரத்த வழியில் இறங்குகிற நோய் கிடையாது. ஐயாவுக்கு இருந்திருந்தாலும் உங்களுக்கு வர ஊசியோ பிளேடோ நடுவில் வேண்டும்.

வகையை வைத்தும் இதைச் சொல்ல முடியாது. மலேசியாவில் அதிகம் காணப்படுவது 3ஏ. நம் நாட்டிலும் 3ஏ ஏராளம். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் பினாங்கிலிருந்து வந்ததா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. 6 என்று வந்தால், கிழக்கே போய் வந்த கதை ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்கக்கூடும், அவ்வளவுதான்.

“யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுத் தர முடியுமா, சிஸ்டர்?”

கோபத்தோடு கேட்பார்கள், சில பேர் அழுதுகொண்டே கேட்பார்கள். மரபு வகைப் பரிசோதனையால் முடியாது. அதற்கு வைரஸின் எழுத்து வரிசை முழுவதையுமோ பெரும்பகுதியையோ படித்து, பலருடையதோடு ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன சுவடி போலத்தான்: இரண்டு படிகளில் ஒரே அபூர்வப் பிழை இருந்தால் இரண்டும் ஒரு மூலத்திலிருந்து வந்தவை. ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் ஒரு மயக்க மருந்து டாக்டர் நோயாளிகளின் மருந்தைத் தனக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு அதே ஊசியால் அவர்களுக்கும் போட்டார். 275 பேருக்கு அவரிடமிருந்து வந்தது என்பதை இப்படி ஒப்பிட்டுத்தான் நீதிமன்றத்தில் நிறுவினார்கள். அதே விசாரணையில் சிலருக்கு வேறெங்கோ வந்தது என்றும் தெரிந்தது.

அயர்லாந்தில் 1977-78-ல் பிரசவமான பெண்களுக்குப் போட்ட ஆன்டி-டி ஊசி மருந்தில் (ரத்த வகை நெகட்டிவாக உள்ள தாய்மார்களுக்குப் போடுவது) 1பி கலந்திருந்தது. பல வருஷம் கழித்து, ஒரே மாதிரி வைரஸ் அத்தனை பெண்களிடமும் இருந்ததை வைத்து மூலத்தைப் பிடித்தார்கள். இதெல்லாம் அரசு செய்கிற விசாரணை. தனி ஆளுக்குச் செய்து தரும் டெஸ்ட் கிடையாது.

“அவுகளுக்கும் எனக்கும் ரெண்டு பேருக்கும் இருக்கு. அப்ப அவுகதானே குடுத்தது?”

அவசரப்பட வேண்டாம். இருவருக்கும் வேறு வேறு வகை என்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரே வகை என்றாலும் குற்றம் நிரூபணமாகாது. ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை இருவருக்கும் தனித்தனியாக வந்திருக்கலாம், அல்லது ஒரே இடத்தில் ஊசி போட்டிருக்கலாம். பல வருஷம் ஒன்றாக வாழும் கணவன் மனைவிக்குள் உறவால் பரவுவது மிக மிக அரிது. இந்தத் தாளை வைத்து ஒரு வீட்டில் சந்தேகம் புகுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஒருவருக்கு முப்பது வருஷத்துக்கு முன் ஆபரேஷனில் ரத்தம் ஏற்றியிருக்கிறது. அதை அவரே மறந்துபோயிருந்தார். நம் நாட்டில் தானம் வரும் ரத்தத்தில் சி-யைப் பார்ப்பது கட்டாயமானதே 2000-களின் தொடக்கத்தில்தான்.

“மூணாம் வகை மோசமானதுன்னு யூடியூப்ல சொல்றாங்களே?”

ஓரளவு உண்மை. 3-ம் வகை ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், தழும்பும் கொஞ்சம் வேகமாக விழும். ஆனால் அந்த வீடியோக்கள் பல பழைய மருந்துக் காலத்துப் பேச்சு. இன்டர்ஃபெரான் ஊசி இருந்தபோது 1-ம் வகைக்கு 48 வாரம் போட்டும் பாதிப் பேருக்குத்தான் குணம். 3-க்கு அதைவிடப் பரவாயில்லை. புது மாத்திரைகள் வந்த தொடக்கத்தில் நிலைமை தலைகீழாகி 3 கடினமானது. இன்று இரண்டுக்கும் நல்ல மருந்து இருக்கிறது.

“வகை டெஸ்ட்டே எழுதலையே டாக்டர். மறந்துட்டாரா?”

மறக்கவில்லை. சோஃபோஸ்புவிர், டக்லாடஸ்விர், வெல்படஸ்விர் போன்ற மாத்திரைகள் எல்லா வகையிலும் வேலை செய்யும். ஈரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்லாடஸ்விரும் சேர்த்து 12 வாரம். சுருங்கியிருந்தால் சோஃபோஸ்புவிரும் வெல்படஸ்விரும், நிலைமையைப் பார்த்து ரிபாவிரினும் சேரும். நூறில் 95 பேருக்குக் குணம். 2018 ஜூலை 28 முதல் தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்; உங்களுக்கு அருகில் எந்த மையம் என்று அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். முன்பு சிகிச்சை எடுத்துத் தோற்றவர்களுக்கு வகை டெஸ்ட் இன்னும் தேவைப்படும்.

அப்புறம் இன்னொன்று. முதலில் பாசிட்டிவ் என்று வருவது ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். வைரஸ் எப்போதோ வந்து போயிருந்தாலும் அது காட்டும். ஆர்என்ஏ டெஸ்டில் வைரஸ் இருந்தால்தான் மாத்திரை.

“பி-க்குத் தடுப்பூசி இருக்கு. சி-க்கு ஏன் இல்ல?”

பிழை மலிந்த சுவடி என்று சொன்னேனே, அதுதான் காரணம். வைரஸின் வெளிச்சட்டையில் ஒரு பகுதி எல்லாவற்றையும்விட வேகமாக மாறும். உடம்பு ஒரு சட்டையை அடையாளம் பிடிப்பதற்குள் அது வேறு சட்டை போட்டிருக்கும். எட்டு வகைக்கும் தொண்ணூறு பிரிவுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்வது அத்தனை கடினம். சி இருப்பவர்கள் பி தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரே ஈரலுக்கு இரண்டு சுமை வேண்டாம்.

“டயாலிசிஸ் போறேன். ஒரே மெஷின்ல வேற வகை ஏறிக்குமா?”

ஏறலாம். ஒரு வகை இருப்பதால் மற்றொரு வகை வராது என்ற பாதுகாப்பு இல்லை. இரண்டு வகை ஒரே உடம்பில் இருப்பதும் உண்டு. அபூர்வமாக இரண்டும் கலந்து புதிதாகவே ஒன்று பிறக்கும். 2-ம் 1-ம் கலந்த அப்படி ஒன்றை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2002-ல் பதிவு செய்தார்கள். மெஷினைவிடக் கைகளைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் கையுறை மாற்றுகிறார்களா, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் குப்பி ஒருவருக்கு ஒன்றா, நாற்காலியைத் துடைக்கிறார்களா. காய்ந்த ரத்தத் துளியிலும் இந்த வைரஸ் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை.

“குணமாயிருச்சு. ஆனா டெஸ்ட்ல இன்னும் பாசிட்டிவ்னு வருதே? திரும்ப வந்துருச்சா?”

ஆன்டிபாடி வருஷக்கணக்கில் ரத்தத்திலேயே இருக்கும், அதனால் அந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்றே காட்டும். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போகிற பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்என்ஏ ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை என்றால் குணம். அதைக் கையோடு வைத்திருங்கள். ரத்ததானம் மட்டும் இனி செய்ய முடியாது.

திரும்ப வருமா என்றால், குணமானவர் மறுபடி அழுக்கு ஊசியில் போய் மாட்டினால் புதிதாக வரும், உடம்பு தடுக்காது. அப்படி ஆர்என்ஏ மறுபடி ஏறினால், பழையது ஒளிந்திருந்து வந்ததா, புதிதாக ஒட்டியதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டியிருக்கும். பழையது 1, இப்போது 3 என்றால் புதிதாக வந்தது என்று புரிந்துவிடும். ஒரு தம்பி மூன்று வருஷத்துக்கு முந்தைய வகை ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து உரிந்து ‘1’ மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவே போதும் என்று டாக்டர் வாங்கிக்கொண்டார். உங்கள் தாளையும் அப்படி எங்காவது பத்திரமாக வையுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.